அணில் பிள்ளை கீழே கிடந்தால் முதலில் மேலே பாருங்கள்

ஸ்ரீரங்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து ஆடிக் காற்று ஓயும் வரை, பிளவுஸ் துணியோடு வருகிறவர்களுக்கு நடுவே செருப்புப் பெட்டியோடும் சிலர் வந்து நிற்பார்கள். பெட்டிக்குள் அணில் பிள்ளை இருக்கும், இல்லாவிட்டால் மைனாக் குஞ்சு. "அக்கா, அம்மா இல்லாம கிடந்துச்சு" என்பார்கள். "இல்லைன்னு எவ்வளவு நேரம் பார்த்தே?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. என்னிடம் வந்ததில் பாதிக்கு மேல் அநாதை இல்லை. தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிக்கொண்டு வரப்பட்டவை.

அணில்தான் எனக்கு அதிகம் வருகிறது, அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். தென்னையில் மட்டை கழிக்கும்போதும் கோடை மழைக் காற்றிலும் கூடு விழுந்துவிடும். தேங்காய் நார், பஞ்சு, கிழிந்த துணி எல்லாம் சேர்த்துப் பந்து போலக் கட்டிய கூடு. உள்ளே இரண்டு மூன்று குட்டிகள். தாய் தூரமாகப் போயிருக்காது. பக்கத்து மதிலிலோ ஓட்டின் மேலோ நின்று கத்திக்கொண்டிருக்கும். நாம் கூடி நிற்பதால்தான் அது இறங்கி வராமல் இருக்கிறது.

முதலில் குட்டியைக் கையில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சூடு ஏற்ற வேண்டும். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்து போக மறுபக்கம் காலியாக இருக்கட்டும். உடம்பு கதகதப்பானதும் விழுந்த கூட்டையே ஒரு சின்னக் கூடையில் வைத்து, குட்டிகளை அதில் விட்டு, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள். அப்புறம் எல்லோரும் வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். இரண்டு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தக் காட்சிக்கு நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன். அணில் பகலில் நடமாடும் உயிர். அதனால் இருட்டிய பிறகு கூடையை வெளியே வைக்காதீர்கள். ராத்திரி உள்ளே கதகதப்பில் வைத்திருந்து விடிந்ததும் மறுபடி கட்டுங்கள்.

அந்த ஒரு ராத்திரியில் தப்பாகப் புகட்டுவதால்தான் நிறையக் குட்டிகள் சாகின்றன. என் முதல் அணில் அப்படித்தான் போனது. பசும்பாலைக் காய்ச்சி, கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்து இங்க் ஃபில்லரில் புகட்டினேன். மூன்றாம் நாள் வயிறு உப்பி இறந்துவிட்டது. செய்தது இரண்டும் தப்பு. பசும்பால் அதற்குச் செரிக்காது. மல்லாக்கப் படுத்துக் குடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். கட்டாயம் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உடம்பு சூடான பிறகு, குப்புறப் படுத்த நிலையில், ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் வெதுவெதுப்பான ஓஆர்எஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் நாய்க்குட்டிகளுக்கு விற்கும் பால்மாவு. கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரியாது. தாய் நக்கிவிடும். நாம் ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும்.

பறவைக் குஞ்சு என்றால் இறகைப் பாருங்கள். இறகு முளைக்காமல் வெறும் தோலாக இருந்தால் கூட்டில் திரும்ப வையுங்கள். கூடு எட்டவில்லை என்றால் அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியிலோ சின்னக் கூடையிலோ காய்ந்த புல் வைத்து, முடிந்தவரை கூட்டுக்கு அருகில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மை இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால் தாயைப் பிரிந்த குஞ்சுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இறகு முளைத்து, குட்டை வாலோடு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது விழுந்த குஞ்சே இல்லை, பறக்கப் பழகுகிறது. நாய் பூனை வராமல் பார்த்து, பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்கு அடியோரமே இருக்கிறது, நேராக உள்ளே இறங்கிவிடும்.

ஆனி, ஆடியில் காக்கைகள் சூழ்ந்து கொத்துகிற கறுப்புக் குஞ்சு குயிலாக இருக்கலாம். காக்கைக் கூட்டிலேயே வளர்ந்து வெளிவந்தது. காயம் இல்லையென்றால் அடர்ந்த மரத்தில் விட்டாலே போதும். வெள்ளைப் பஞ்சு உடம்போடு சீறுகிற கூகைக் குஞ்சைச் சாவுக்குருவி என்று கல்லால் அடிக்கிறார்கள். எலி தின்று வாழ்கிற பாவப்பட்ட ஜீவன் அது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வயலில் புல்லுக்குள் அசையாமல் கிடக்கும் முயல் குட்டியையும் காட்டோரத்தில் தனியாகப் படுத்திருக்கும் மான் குட்டியையும் தொடவே வேண்டாம். தாய்தான் அங்கே ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. கரும்பு வெட்டும்போது கிடைக்கிற "சிறுத்தைக் குட்டி" பல சமயம் காட்டுப்பூனைக் குட்டியாகவே இருக்கும். எதுவானாலும் அந்தப் பக்கம் வெட்டை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பூனை கவ்விய குஞ்சுக்கும் குட்டிக்கும் மட்டும் காத்திருக்கவே கூடாது. பல் பட்ட இடம் வெளியே தெரியாது. பூனை எச்சிலில் உள்ள கிருமியே கொன்றுவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஆன்டிபயாட்டிக் கேளுங்கள். ஒருமுறை ஓர் இடத்தில் "அணிலுக்கெல்லாம் பார்ப்பதில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த இடத்துக்குப் போவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அதனால் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். குரங்கு, கீரி, வௌவால் போன்றவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கிணற்றில் விழுந்ததற்கும் பாம்புக்கும் தீயணைப்புத் துறை, எண் 101.

"அழகாக இருக்கிறது, நானே வளர்க்கிறேன்" என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட காட்டு உயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். பச்சைக்கிளிக்கும் அதே சட்டம்தான்.

பெட்டியில் எடுத்துப் போகும்போது மூடியில் ஓட்டை போடுங்கள். பாட்டு, பேச்சு, செல்ஃபி எதுவும் வேண்டாம். பெட்டியின் மேல் எந்தத் தெரு, எந்த மரம், எத்தனை மணி என்று எழுதி ஒட்டுங்கள். போன வைகாசியில் ஒரு பையன் "பெருமாள் கோயில் பின்னால், பூவரசு, காலை 7" என்று எழுதிக்கொண்டு வந்தான். அன்று மதியமே கூடையை அந்தப் பூவரசில் கட்டினோம். மூன்றரை மணிக்குத் தாய் வந்துவிட்டது.