எம்பிஏ எஸ்ஸே எழுதறதுக்கு முன்னாடி கெரியர் கோலை எப்படி தெளிவு பண்ணிக்கறது

எம்பிஏ அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஸே டிராஃப்ட்டை அனுப்பி பாத்து சொல்லுங்கன்னு யாராவது கேட்டா நான் முதல்ல தேடறது ஒரே ஒரு வரியதான், படிச்சு முடிச்சதும் எந்த வேலைக்கு போகப்போறீங்கங்கற வரி. நிறைய டிராஃப்ட்ல அது இருக்கவே இருக்காது. "தலைமைப் பொறுப்புக்கு வந்து பெரிய மாற்றம் கொண்டுவரணும்"னு இருக்கும். ஆசை நல்ல ஆசைதான், ஆனா அந்த பேர்ல எந்த கம்பெனியும் ஆள் எடுக்கறதில்ல.

கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் அப்ளிகேஷன்ல பல வருஷமா ஒரு கேள்வி வந்துட்டிருக்கு, எம்பிஏ முடிஞ்ச உடனே உங்க கோல் என்ன, 50 கேரக்டருக்குள்ள, அதாவது 50 எழுத்துக்குள்ள, சொல்லுங்கன்னு. நீங்க அங்க அப்ளை பண்ணலைன்னாலும் பரவால்ல, அதை ஒரு தடவை எழுதிப் பாருங்க. அவ்ளோ சின்ன இடத்துல வேலையோட பேரும் துறையும் மட்டும்தான் நிக்கும், மத்ததெல்லாம் தானா உதிர்ந்துடும்.

சரி, கோலே தெரியலன்னா? எதிர்காலத்த யோசிச்சுட்டு உக்காந்தா ஒண்ணும் வராது, பின்னாடி திரும்பி பாருங்க. கடைசி 3 வருஷத்துல யாரும் சொல்லாம நீங்களா இழுத்துப் போட்டு செஞ்ச வேலை எதெதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர், ஹாஸ்பிடல் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தவர், கன்சல்டிங்னு எழுதி வச்சிருந்தார், ஏன்னு கேட்டா எல்லாரும் அதுக்குதானே போறாங்கன்னார். அந்த பேப்பர எழுத வச்சப்போ வந்தது வேற. ஒரு நர்ஸ் மருந்து பதியற ஸ்கிரீன்ல திணறுனத பாத்துட்டு, இவரா ரெண்டு நாள் வார்டுல நின்னு எத்தனை கிளிக் ஆகுதுன்னு எண்ணி, அந்த ஸ்கிரீனையே மாத்த வச்சிருக்கார். அவரோட கோல் அங்கயே இருந்துச்சு, ஹெல்த்கேர் சாஃப்ட்வேர்ல ப்ராடக்ட் மேனேஜர். அதுக்கப்புறம் எஸ்ஸே எழுத அவர் திணறவே இல்ல.

அடுத்தது, அந்த வேலைக்கு வந்திருக்கற விளம்பரம் ஒரு 15 எடுத்து படிங்க. அவங்க கேக்கறதுல உங்ககிட்ட இருக்கறத ஒரு பக்கம், இல்லாதத ஒரு பக்கம் எழுதுங்க. இல்லாத பக்கம்தான் "ஏன் எம்பிஏ"ங்கற கேள்விக்கு பதில், அந்த பக்கம் காலியா இருந்தா நீங்க எம்பிஏ இல்லாமலே அங்க போயிடலாம், இதை நேர்மையா பாத்துக்குங்க. அப்புறம் அந்த வேலைல இருக்கற நாலு பேர்கிட்ட பேசுங்க, பொதுவா எப்படி இருக்குன்னு கேக்காதீங்க, போன செவ்வாய்க்கிழமை காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. அத கேட்டுட்டு உங்களுக்கு ஆசை குறைஞ்சா இப்பவே குறையட்டும்.

பிசினஸ் ஸ்கூல் தரப்புலயும் சரிபாக்கணும். பெரும்பாலான ஸ்கூல்கள் வருஷா வருஷம் எம்ப்ளாய்மெண்ட் ரிப்போர்ட் போடுவாங்க, படிச்சு முடிச்சு 3 மாசத்துக்குள்ள எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, எந்த துறைல கிடைச்சுதுன்னு. உங்க கோல் அதுல இல்லவே இல்லன்னா அங்க எப்படி அந்த வேலைய பிடிப்பீங்கன்னு நீங்கதான் விளக்கணும். துறைய முழுசா மாத்தறவங்களுக்கு சம்மர் இன்டர்ன்ஷிப் (படிப்புக்கு நடுவுல வர்ற கோடை லீவுல ஒரு கம்பெனில வேலை பழகறது) ரொம்ப முக்கியம், ஆனா கொலம்பியாவோட ஜனவரி பேட்ச்ல அது கிடையாது, பிரான்ஸ்ல இருக்கற இன்சியாட் பிசினஸ் ஸ்கூல்ல மொத்தமே 10 மாச கோர்ஸ். "உள்ள போய் முடிவு பண்ணிக்கலாம்"னு நினைக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கன்சல்டிங், இன்வெஸ்ட்மெண்ட் பேங்கிங் ரெக்ரூட்டிங்லாம் கிளாஸ் ஆரம்பிச்ச சில மாசத்துலயே சூடு பிடிச்சுடும், அப்ப யோசிக்க நேரமே இருக்காது.

லாங் டெர்ம் கோல் பெருசா இருக்கலாம், கொஞ்சம் மங்கலா இருந்தாலும் தப்பில்ல, முதல் வேலைலேர்ந்து அங்க போக ஒரு வழி தெரிஞ்சா போதும். முதல் வேலை கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு இன்டர்வியூல கேக்கலாம், அதுக்கு பக்கத்துலயே இருக்கற இன்னொரு வேலைய சொல்லுங்க, சம்பந்தமே இல்லாத துறைக்கு தாவாதீங்க.

எல்லாம் முடிவானதும் ரெகமண்டேஷன் எழுதற உங்க மேனேஜர்கிட்ட உக்காந்து இந்த கோலை வாய்விட்டு சொல்லுங்க. இவர் டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு ஆசைப்படறார்னு அவர் பாட்டுக்கு நல்ல மனசோட எழுதி அனுப்பிட்டார்னா, நீங்க மூணு மாசம் உக்காந்து எழுதுன எஸ்ஸேவோட அது ஒட்டாது.