‘ஐ5 தானே, நல்லாத்தானே இருக்கும்?’ கம்ப்யூட்டர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் அட்மிஷன் தொடங்கிவிட்டால், பாளையங்கோட்டையில் எங்கள் கடைக்கு ஒரே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள். “அண்ணாச்சி, ஐ5 போட்டது ஒண்ணு சொல்லியிருக்காவ. எடுத்திரலாமா?” எந்த வருஷத்து ஐ5 என்று திருப்பிக் கேட்டால் என் முகத்தையே பார்ப்பார்கள். ஐ5 என்றால் ஐ5தானே, அதில் என்ன வருஷம்?

எல்லாம் அந்த வருஷத்தில்தான் இருக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பது கம்ப்யூட்டரின் மூளையான சிப்புக்கு இன்டெல் கம்பெனி வைத்த பெயர். பஸ்ஸில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று போர்டு மாட்டுகிற மாதிரி. வண்டி புதுசா, தென்காசி போவதற்குள் மூன்று இடத்தில் நிற்குமா என்பது போர்டைப் பார்த்தால் தெரியாது. ஒரு வருஷத்து வரிசைக்குள் எது மேலே, எது கீழே என்பதை மட்டும்தான் அந்தப் பெயர் சொல்லும். கோர் என்பது சிப்புக்குள் வேலை செய்கிற கை மாதிரி. 2015-இல் வந்த ஐ5-6200யூ சிப்பில் இரண்டே கோர். 2022-இல் வந்த ஐ3-1215யூ சிப்பில் ஆறு கோர். பெயரில் சின்னதாக இருந்தாலும் அந்தப் பழைய ஐ5-ஐ எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். கோட்டுக்கு அப்புறம் வருகிற முதல் ஓரிரு இலக்கம்தான் தலைமுறை. 6200 என்றால் ஆறாவது, 1215 என்றால் பன்னிரண்டாவது. இப்போது இன்டெல் புது சிப்புகளில் அந்த ‘ஐ’யையே எடுத்துவிட்டு ‘கோர் அல்ட்ரா 5’ என்று வேறு பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் ஸ்டிக்கரை நம்பாமல் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் இது கண்டிப்பு. பெரிய கம்பெனிகள் கழித்த லேப்டாப்பைத் துடைத்துப் பளபளவென்று விற்கும்போது ‘ஐ5’ மட்டும்தான் கண்ணில் படும்.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஜனங்கள் மல்லுக்கட்டிப் பேசுவது ஒன்று, மெஷினைப் படுக்கவைப்பது வேறொன்று. இன்டெலா ஏஎம்டியா, ஆண்ட்ராய்டா ஐபோனா என்று டீக்கடையில் விடிய விடியப் பேசுவார்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த நம்பிக்கை ரேம், ஓடுகிற வேலையை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி. முக்கூடலில் இருந்து ஒரு டீச்சர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். “ஆன் பண்ணிட்டு உலையே வச்சிரலாம் தம்பி, அவ்வளவு நேரம் ஆகுது. 8 ஜிபிய 16 ஆக்கிருங்க” என்றார்கள். உடனே ஆக்கிக் கொடுத்தால் எனக்கு வியாபாரம்தான். ஆனால் முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். மெமரி பாதிகூட நிறையவில்லை. டிஸ்க் என்ற கட்டம் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்துபோய் நின்றது. உள்ளே இருந்தது நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். தட்டு சுற்றி, முள் நகர்ந்து, ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கவே அதற்குப் பத்துப் பதினைந்து மில்லி செகண்ட் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்குத் தட்டும் இல்லை, நகர்வதற்கு முள்ளும் இல்லை. அதே வேலை நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. அங்கேதான் உலை வைக்கிற நேரம் போகிறது. எஸ்.எஸ்.டி. மாற்றிக் கொடுத்தேன், ரேமில் கை வைக்கவில்லை.

மெமரி கட்டம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போடுவது சரி. பார்த்துவிட்டுச் செலவு பண்ணுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் பண்ணி ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று அழுத்துகிறீர்களே, அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. திரையில் இருக்கும் ஐகான்களை மறுபடி வரைகிறது, வேறொன்றும் இல்லை. நானும் அழுத்துவேன், கைப்பழக்கம்.

எஸ்.எஸ்.டி.யில் ஒரு குணம் உண்டு. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன்னால் பெரும்பாலும் ‘டிக், டிக்’ என்று சத்தம் கொடுத்து ஆளைக் கூப்பிடும். எஸ்.எஸ்.டி. நேற்று வரைக்கும் நன்றாக இருக்கும், இன்றைக்குக் காலையில் இருக்காது.

அப்புறம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதைக் கேட்டுவிட்டு இரண்டு விதமான ஆட்கள் வந்தார்கள். ஒருத்தர், “மெஷினே ஓடாதாம்லா” என்று நல்ல லேப்டாப்பைப் பழைய விலைக்குத் தள்ளிவிட நின்றார். இன்னொருத்தர், “பழைய விண்டோஸ் எக்ஸ்பிய பத்து வருசம் ஓட்டுனவன் நான், என்ன செஞ்சிரும்?” என்றார். இரண்டும் தப்பு. மெஷின் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக் கொடுக்கத்தான் ஆள் இருக்காது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தார்கள். ஓட்டை அடைபடாத மெஷினில் பாட்டுக் கேட்கலாம், பேங்க் கணக்கைத் திறக்கக் கூடாது.

விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி மெஷினில் இருக்க வேண்டும். இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்றுக்கொள்ளாது. அதைச் சுற்றிக்கொண்டு போட்டுக் கொடுக்கிற வழி இருக்கிறது. ஆனால் பெரிய அப்டேட் வரும்போது எங்கேயாவது முட்டும், திரும்ப என்னிடம்தான் வருவீர்கள். பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடலாமே என்றால் முகம் சுளிக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது. பிள்ளைகள் வாங்கிய கையோடு செய்த முதல் வேலை அதை அழித்ததுதான். அழிக்கச் சொல்லி எங்கள் கடையிலேயே வரிசை நின்றது. அன்றைக்கு அழித்துக் கொடுத்த அதே மாதிரி லேப்டாப்புக்குத்தான் இன்றைக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். வேறு எதுவும் அதில் ஓடாது. பிரவுசர், வீடியோ, கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் தாராளம். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் இந்தப் பக்கம் வர வேண்டாம், அலைந்துவிடுவீர்கள்.

இனி எர்த். மெட்டல் பாடி லேப்டாப்பின் ஓரத்தில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி சுருசுருவென்று இருக்கும். “கம்பெனி சரியில்ல” என்று திட்டுவார்கள். நான் அடாப்டரைக் கேட்பேன். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டியிருப்பார்கள். இல்லையென்றால் மூன்றை இரண்டாக்கும் சின்ன கட்டையில் சொருகியிருப்பார்கள். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகத் துளியூண்டு மின்சாரம் கசிவது இயல்பு. எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் லேப்டாப்பின் உடம்பில் வந்து உங்களைத் தேடும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். சும்மா சுருசுருப்போடு போகிற வரைக்கும் ஆபத்தில்லை. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் வேறு ஏதாவது பழுதானால் அதையும் உடம்புதான் வாங்கும். பழைய வீடுகளில் எர்த் கம்பி இருக்கும், குழி காய்ந்து கிடக்கும். கத்திரி வெயிலில் அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுவார்கள் பழைய எலக்ட்ரீஷியன்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அதில் விஷயம் இருக்கிறது.

யு.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. 600 விஏ யு.பி.எஸ். என்பது எழுதியதைச் சேமித்துவிட்டு மெஷினை ஒழுங்காக அணைக்க நேரம் கொடுப்பதற்கு. கரன்ட் போன பிறகும் அதில் பில் போட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் கண்ணை மூடும். லேசர் பிரிண்டரை அதில் சொருகவே கூடாது. உள்ளே மையை உருக்கும் உருளை சூடேறும்போது இழுக்கிற கரன்ட்டை அது தாங்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏறி வந்து திருநெல்வேலிச் சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று வீடு, கடை, ஆபீஸ் எதையும் விடவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாளில் இருந்து சாக்குப் பையிலும் குடத்திலும் வைத்து மெஷின்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பாதியை வெள்ளம் கெடுக்கவில்லை, கொண்டுவந்தவர்கள்தான் கெடுத்தார்கள். “ஓடுதான்னு பாத்தேன்” என்று ஒரு தடவை ஆன் பண்ணியிருந்தார்கள். ஈரத்தில் கரன்ட் ஏறிய நிமிஷம்தான் போர்டு எரிகிற நிமிஷம். நனைந்த மெஷினை ஆன் பண்ணாதீர்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றத் தெரிந்தால் கழற்றுங்கள், அப்படியே கொண்டுவாருங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் சேறு போகாது. ஹார்ட் டிஸ்க் முழுக்க அடைத்த டப்பா என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை இருக்கும். சேற்றுத் தண்ணீருக்கு அது போதும்.

அந்த வாரம் சந்திப்புப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒருத்தர் வந்தார். விவரமானவர். கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் இரண்டு தனித்தனி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்திருந்தார். இரண்டும் ஒரே பீரோவில், ஒரே கீழ்த்தட்டில். மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றைத் திறந்தபோது உள்ளே இருந்து ஆற்று மணல் கொட்டியது.

காப்பி என்றால் மூன்று இருக்க வேண்டும், இரண்டு விதமான இடத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். அண்ணன் மதுரையில் இருந்தால் அவர் வீட்டு பீரோவில் ஒன்று. இல்லையென்றால் கிளவுட். ஆனால் “கூகுள் போட்டோஸ்ல இருக்குல்லா” என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காப்பி ஏறிய படத்தை போனில் அந்த ஆப்பில் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் சில நாள் கிடந்துவிட்டுப் போய்விடும். இலவசம் 15 ஜிபிதான். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்கள் மெயிலோடு சேர்ந்து அந்தக் கணக்கில்தான் ஏறுகின்றன. நிறைந்துவிட்டால் படம் ஏறாது, அறிவிப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதை எல்லோரும் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சில்லறைத் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிராக் சாஃப்ட்வேர் போடும்போது “ஆன்டிவைரஸை நிறுத்து” என்று அதுவே சொல்லும். திருடன் வந்து நாயைக் கட்டிப்போடச் சொன்னால் கட்டுவீர்களா? விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், அதற்கு மேல் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் மெஷின்தான் திணறும். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. போனில் யாராவது “பேங்க்ல இருந்து பேசுதேன், இந்த ஆப்பப் போடுங்க” என்றால் அது உங்கள் திரையைப் பார்க்கிற ஆப். வையுங்கள் போனை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. போன மாதம் திசையன்விளைப் பக்கம் ஒரு ஊரில் இருந்து அம்மன் கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். பென் டிரைவில் பத்து வருஷத்துக்கு முந்தைய நோட்டீஸ் இருக்கிறதாம், தேதியையும் நாலு பெயரையும் மாற்றினால் போதுமாம். திறந்தேன். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. “வைரஸ் வந்துட்டு போல” என்றார்கள். வைரஸ் இல்லை, பாமினி என்கிற பழைய தமிழ் ஃபான்ட். அந்தக் காலத்து ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒளித்து வைத்தவை. ஃபான்ட் இல்லாத மெஷினில் திரை விலகி உள்ளே இருக்கும் ஆங்கிலம் தெரிந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கென்றே சொந்த இடம் உண்டு, எந்த போனிலும் தமிழாகவே திறக்கும். 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் டி.டி.பி. கடைகளில் பழைய ஃபான்ட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம், என்னையும் சேர்த்துத்தான்.

இங்கே எல்லோரும் குழப்பிக்கொள்வது ஒன்று இருக்கிறது. “யூனிகோடுக்கு மாறுனா டைப்ரைட்டிங்ல படிச்சது வீணாப் போயிரும்லா” என்பார்கள். விரல் எங்கே போகிறது என்பது வேறு, உள்ளே எப்படிச் சேமிக்கிறது என்பது வேறு. டைப்ரைட்டர் விசைப்பலகையிலேயே யூனிகோடு அடிக்கலாம். புதிதாகக் கற்கிறவர்களுக்கு மட்டும் நான் 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லுவேன். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ‘க’வை இரண்டு தடவை அடித்தால் முதல் ‘க’வுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும்.

நோட்டீஸை மாற்றிக் கொடுத்தேன். மாற்றும் மென்பொருள் 99 எழுத்தைச் சரியாக மாற்றி, நூறாவதில் காலை வாரும். அதனால் வந்தவர்களையே பக்கத்தில் உட்கார வைத்து, கோயில் வரி கொடுத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். 212 பெயர். 140-ஐத் தாண்டியபோது ஒரு பெரியவர் கையை நீட்டி நிறுத்தினார். சுடலையாண்டிக்கு ‘லை’யில் கொம்பு இடம் மாறி நின்றது. “ஏலே, இவரு பேரத் தப்பா அடிச்சிட்டு ஊருக்குள்ள போயிர முடியுமா?” என்றார். திருத்திவிட்டு, மறுபடி ஒன்றில் இருந்து ஆரம்பித்தோம்.