உணர்ச்சிக் கண்காட்சிக்குப் போகும் எங்கட ஊர் ஆட்களுக்கு

லண்டன், சிங்கப்பூர் என்று பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களை இப்போது இந்த மாதிரிக் கண்காட்சிகளுக்கும் கூட்டிப்போகிறார்கள். சுவர், தரை, கூரை எங்கும் ஒளிப்படம் ஓடும், சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும். ஓர் அறை பயத்துக்கு, இன்னோர் அறை சந்தோசத்துக்கு. நான் திருகோணமலையில் சித்திரம் படிப்பிக்கிறவள். பயணத்துக்கு முன்னம் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்.

சேலை வேண்டாம். சில இடங்களில் தரையே முகம் பார்க்கும் கண்ணாடி. தோக்கியோவில் ரீம்லாப் பிளானெற்ஸ் என்ற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீருக்குள் நடக்க வேண்டும். மடித்துவிடக்கூடிய காற்சட்டை நல்லது. வேலைநாள் காலையாகப் பார்த்து ரிக்கெற் எடுக்கச் சொல்லுங்கோ, சனம் குறைவாக இருக்கும்.

அடுத்ததுதான் எனக்கு முக்கியம். நாங்கள் சண்டைக்காலத்தில் வாழ்ந்த ஆட்கள். 2004 மார்கழி 26 கடல் வந்ததையும் பார்த்தவர்கள். இருட்டறையில் திடீரென்று ஒரு வெடிச்சத்தம், அல்லது சுவர் முழுக்க அலை எழும்பி வந்தால், அது படம் என்று மனத்துக்குத் தெரிந்தாலும் உடம்புக்குத் தெரியாது. ஆகவே வாசலில் நிற்கிறவரிடம் முதலே கேளுங்கோ: பெரிய சத்தம் இருக்கா, அலை வருமா, எந்தக் கதவால் வெளியே வரலாம். வலிப்பு உள்ளவர்கள், விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் இருக்கா என்றும் கேட்க வேண்டும். ஏலாது என்றால் உடனே வெளியே வாருங்கோ. காசு கட்டியாச்சே என்று நிற்க வேண்டாம். பிள்ளைகளே, "சும்மா படம்தானே அம்மா" என்று மட்டும் சொல்லிப்போடாதேயுங்கோ. கையைப் பிடித்துக்கொண்டு கூட வெளியே வாருங்கோ.

இனி, பார்க்கிற விதம். எங்கட ஊர்ப்பக்கம் கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் அள்ளி மளமளவென்று ஊற்றினால் சுடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு கிணற்றில் குளித்துச் சற்று நின்று மற்றதுக்குப் போனால்தான் சூட்டின் வித்தியாசம் விளங்கும். அறைகளும் அப்படித்தான். உள்ளே போனதும் சுவரோரமாக நில்லுங்கோ. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடமாவது வேண்டும். விளக்கப் பலகையைப் பிறகு வாசிக்கலாம். முதலில் தொண்டை, வயிறு, உள்ளங்கை என்ன செய்கிறது என்று கவனியுங்கோ.

தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணமும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இந்த எட்டையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கோ. துக்கத்துக்கான அறையில் நிற்கும்போது, இது அவமானப்பட்ட அழுகையா, இழந்த அழுகையா, முன்பிருந்த நிலை கெட்ட அழுகையா, இல்லாமையின் அழுகையா என்று உங்களையே கேளுங்கோ. அதற்குப் பிறகு அந்த அறையின் நீல வெளிச்சம் வெறும் நீலமாக இராது.

போனைப் பையில் வையுங்கோ. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1965இல் தொடங்கிய கண்ணாடி அறைகளுக்குச் சில அருங்காட்சியகங்களில் ஒரு நிமிடம்கூடத் தரமாட்டார்கள். அந்த நேரத்தையும் திரையைப் பார்த்தே கழித்தால் என்ன மிச்சம்? படம் வேண்டுமென்றால் கடைசியில் ஒன்று.

வெளியே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது "எப்படி இருந்தது" என்று கேட்காதேயுங்கோ. "நல்லாயிருந்தது" என்பதோடு கதை முடிந்துவிடும். எந்த அறையை விட்டு ஓடவேண்டும்போல இருந்தது, எதற்குள் இன்னும் நிற்கவேண்டும்போல இருந்தது என்று கேளுங்கோ. பேரப்பிள்ளைகளிடமும் அதையே கேட்டு, அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டபிறகு உங்களுடையதைச் சொல்லுங்கோ.