பரிசோதனை எலெக்ட்ரானிக் இசையை வினைல் ரெக்கார்டில் சேகரிக்க: சுங்கை சிப்புட்டிலிருந்து தொடங்குவோருக்கு

பழைய சினிமாப் பாட்டு ரெக்கார்டு மெதுவாக ஓடினால் காது உடனே பிடித்துவிடும். இந்த இசையில் அது நடக்காது. இரைச்சல், 'டிக்' ஒலி, பத்து நிமிடம் நீளும் ஒரே ஸ்வரம் எல்லாமே இசைதான். கேட்பது இசையா பழுதா என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். அதனால் முதல் செலவு பிளேயருக்கு.

பிளேயர்

ஜப்பான் பழைய சாமான் கடைகளில் நல்ல டர்ன்டேபிள் கிடைப்பதுண்டு. வாங்குமுன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நம் வீட்டு 240 வோல்ட்டில் நேராகச் சொருகக் கூடாது, உள்ளே கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆனால் அது மின்சாரத்தின் ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. மேற்கு ஜப்பானில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சார ஹெர்ட்ஸை நம்பி ஓடும் ஏசி மோட்டார் என்றால், 60-க்கு அமைத்த பிளேயர் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும்.

சோதிப்பது எளிது. லேபிள் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி, ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே 3 நிமிடம் எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் 100 சுற்று வர வேண்டும், 45-இல் 135. 83 அளவில் நின்றால் ஹெர்ட்ஸ்தான் காரணம்.

அடுத்து ஊசி தட்டை அழுத்தும் எடை. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் மேலும் கீழும் சாயாமல் மிதக்கும்வரை பின் எடையைத் திருப்பி, எண் வளையத்தைச் சுழியத்தில் வைத்து, பிறகு கார்ட்ரிட்ஜ் (கை நுனியில் ஊசி பொருந்திய பகுதி) கேட்கும் கிராம் வரை கூட்டுங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ-க்கு 2 கிராம். குறைத்தால் ரெக்கார்டு தேயாது என்பது தவறு: ஆழ்ந்த பேஸ் வரும்போது ஊசி பள்ளத்துக்குள் குதித்துச் சுவரைச் சிதைக்கும்.

எதை வாங்குவது

முதல் பதிப்புகளைத் துரத்தாதீர்கள். மறுபதிப்பே போதும். பாரிஸில் 1958-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷாஃபேர் தொடங்கிய ஜிஆர்எம் என்ற இசை ஆய்வுக்கூடத்தின் படைப்புகளை 'ரீகலெக்‌ஷன் ஜிஆர்எம்' வரிசை 2012 முதல் வெளியிட்டது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல வாசல் குறைவு.

ரெக்கார்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடும்போது அட்டைப்படத்தை நம்பாமல், லேபிளில் அச்சிட்ட எண்ணையும் கடைசிப் பள்ளத்தருகே கீறியிருக்கும் எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். தரம்? ஒரே ஸ்வரம் நீளும் மெல்லிய ட்ரோன் இசைக்கு 'நியர் மின்ட்'டுக்கு (கிட்டத்தட்ட புதுசு) கீழே இறங்க வேண்டாம். முழு இரைச்சல் இசைக்கு 'விஜி பிளஸ்' (லேசாகப் பயன்படுத்திய தடம் தெரிவது) தாராளம். ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்காக வாங்கினால் தபால் செலவு பங்காகும். ரெக்கார்டை அதன் அட்டை உறைக்கு வெளியே எடுத்து வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழியில் அட்டை விளிம்பு கிழியும். 500 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்கு, பதிவுபெற்ற விற்பனையாளர்கள் 2024 முதல் 10 விழுக்காடு வரி சேர்ப்பார்கள்.

நேரில் பார்த்து வாங்க, இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், எல்ஆர்டியில் தாமான் ஜெயாவில் இறங்கினால் ஆம்கார்ப் மால். சனி, ஞாயிறில் போங்கள்.

பழுதா, இசையா

குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அடிக்கும். 33⅓-இல் அது சரியாக 1.8 விநாடி. 'டிக்' அந்த இடைவெளியில் விடாமல் வந்தால் முதல் சந்தேகம் கீறல் மேல்தான். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் தூசியாகவோ இசையாகவோ இருக்கும். கழுவிக் கேட்டால் தெரிந்துவிடும். ஒரு விதிவிலக்கு: ஒலியே 1.8 விநாடிக்கொருமுறை திரும்பி, ஊசி உள்ளே நகராமல் நின்றால், அது வேண்டுமென்றே ஒரே வட்டமாக வெட்டிய மூடிய பள்ளமாக இருக்கலாம். ஷாஃபேர் 1948-இல் கையாண்ட உத்தி அது. விற்பனையாளரிடம் சண்டைக்குப் போகுமுன் டிஸ்காக்ஸ் குறிப்பைப் படியுங்கள்.

வைத்திருப்பது

தகரக் கூரை வீட்டில் மாடியும் மேற்குச் சுவரும் ஆகாது, நிறுத்திய காரும் அப்படியே. வெப்பத்தில் வினைல் வளைந்துவிடும். நிமிர்த்தியே அடுக்குங்கள். இறுக்கமான பிளாஸ்டிக் சுற்றை வந்த அன்றே கழற்றிவிட்டு பாலிஎதிலீன் உறை போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் தட்டில் மங்கல் படிய வைக்கும். மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். கேமராவுக்கு வாங்கும் டிரை கேபினெட் இருந்தால் நல்லது, ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும். பூஞ்சை பிடித்த தட்டுக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர், ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து, பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, பிறகு வெறும் வடிநீரில் அலசுங்கள். லேபிள் நனையக் கூடாது. தாத்தா காலத்து 78 வேகத் தட்டில் இந்தக் கலவையைத் தொடவே வேண்டாம், அது அரக்கால் செய்தது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.