வானத்தில் படிக்கட்டு: பேண்டிங்கைத் துப்பறியும்போது செய்யும் தவறுகள்

புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கிய நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு மாலை வானத்தைக் காட்டினார். நீலம் சீராக வெளுக்காமல் அடுக்கடுக்காக இறங்கியது. இப்படிப் பட்டை பட்டையாகத் தெரிவதுதான் பேண்டிங். “லென்ஸ் போச்சா?” என்றார். அடுத்து அவர் செய்யவிருந்தது எல்லாம் நான் ஏற்கெனவே செய்து கெட்டவை. ஜேபெக் தரத்தைக் குறைக்காதே என்பது போன்ற ஊரறிந்த அறிவுரைகளை விட்டுவிடுகிறேன்.

திரையை நம்பிக் கோப்பைத் திருத்துவது

நான் கவிழ்ந்தது இங்கேதான். ஒருவருக்கு அச்சிட்டுக் கொடுக்க வேண்டிய கடற்கரைப் படங்கள், நாற்பதுக்கு மேல். என் மானிட்டரில் ஒவ்வொரு வானத்திலும் பட்டை. மூன்று இரவு உட்கார்ந்து வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, மங்கலாக்கி, மேலே நாய்ஸ் (மணல் மாதிரியான புள்ளிகள்) தூவி, அதே ஜேபெக்கின் மேலேயே சேமித்தேன். அச்சாகி வந்ததும் பார்த்தால் அடிவானத்தை ஒட்டி வெள்ளை விளிம்பு, மேலே திட்டுத்திட்டாக நீலம். கைமறதியாகத் திருத்தாமல் போன இரண்டு படங்களில் மட்டும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. என் திரை அந்த இரண்டிலும் பட்டை காட்டியிருந்தது!

கோப்பில் கோளாறே இல்லை. விலை குறைந்த பல திரைகள் உண்மையில் 6 பிட் பேனல்கள்தான் (ஒரு நிறத்தில் எத்தனை படிகள் என்பதைச் சொல்வதுதான் பிட்): ஒரு நிறத்துக்கு 64 படிகள், மீதியை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். போதாததற்கு நான் கேலிபரேஷன் (திரையின் நிறத்தைச் சரிப்படுத்துவது) வேறு செய்திருந்தேன். அது கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றும் திருத்த அட்டவணை 256 படிகளை இடம் மாற்றும்போது, சில படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில இடங்களில் இடைவெளி விழும். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று செய்த காரியம்தான் பட்டையையும் கொண்டுவந்தது.

சோதனை இரண்டு நிமிட வேலை. படம் திருத்தும் மென்பொருளில் நிறத்தின் எண்ணைக் காட்டும் ஐட்ராப்பரை 5-க்கு 5 பிக்சல் சராசரியில் வைத்து, பட்டையின் குறுக்கே மெல்ல நகர்த்துங்கள். எண்கள் 151, 152, 153 என்று ஒவ்வொன்றாக ஏறினால் திரைதான் குற்றவாளி. 151-லிருந்து 155-க்குத் தாவினால் கோப்பில் கோளாறு. மூன்று நிறங்களையும் பாருங்கள். நீல வானத்தில் பல சமயம் சிவப்புதான் முதலில் முறியும். அப்புறம் அதே கோப்பை வேறொரு திரையில் திறந்து பாருங்கள். இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காமல் மூன்று இரவைத் தொலைத்தேனே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

8 பிட்டை 16 பிட் ஆக்கினால் மீளும் என்று நினைப்பது

மீளாது. தெளிந்த வானத்தில் நீலம் 150-லிருந்து 190 வரைதான் மாறுகிறது என்று வையுங்கள். 6000 பிக்சல் அகலத்துக்கு 40 படிகள், அதாவது ஒவ்வொரு படியும் 150 பிக்சல். கான்ட்ராஸ்ட்டை இரட்டிப்பாக்கினால் படிகள் கூடாது, ஒவ்வொன்றின் உயரம்தான் கூடும். ஹிஸ்டோகிராம் (எந்த நிலையில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) சீப்புப் பல் போல இடைவெளி விட்டு நிற்பது இதனால்தான். 14 பிட் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பு) ஒரு நிறத்துக்கு 16,384 நிலைகள். 8 பிட் ஜேபெக்கில் 256. ஆகவே ராவிலிருந்து 16 பிட்டில் தொடங்குங்கள், 8 பிட்டுக்கு இறங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். 8 பிட்டில் ஏற்கெனவே முறிந்த வானத்தை 16 பிட்டுக்கு மாற்றுவது, ஓட்டைக் குடத்தைப் பெரிய குடத்துக்குள் வைப்பது போலத்தான்.

வானத்து நாய்ஸை முழுக்கத் துடைப்பது

இது புதியவர்களுக்கு நம்பவே முடியாத சங்கதி. லேசான நாய்ஸ் இருந்தால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 150-க்கும் 151-க்கும் நடுவே தத்தளிக்கும், எல்லைக்கோடு கரைந்துவிடும். அதைத் துடைத்தால் கோடு பளிச்சென்று நிற்கும். துடைத்தே ஆக வேண்டுமென்றால், கடைசியில் மெல்லிய நாய்ஸ் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள்.

சுருக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

100 சதவீதத்தில் பாருங்கள்.

எல்லாப் பட்டையும் ஒன்று என்று நினைப்பது

அகன்ற கோண லென்ஸில் போலரைசர் (ஒளியை வடிகட்டும் ஃபில்டர்) போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகும். அது ஒளியியல், பிட் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உயர் ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனைக் கூட்டி எடுக்கும்போது) இருண்ட பகுதியில் விழும் நேர்கோடுகள் சென்சாரின் வேலை. வானத்தின் சாயல் மாற்றத்தைப் பின்தொடர்ந்து வளையும் பட்டை மட்டுமே நாம் தேடுவது.