சைக்கிளுக்கு மட்கார்டு: எப்போது மாட்டுவது, எப்படி மாட்டுவது

சூலூரிலிருந்து சிங்காநல்லூருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மட்கார்டு இல்லாத கியர் சைக்கிள். போன ஐப்பசியில் ஒரு நாள் மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினேன். மழைக்கோட்டை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். இருந்தும் அலுவலகத்தில் இறங்கியபோது இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரு சேற்றுக் கோடு. எல்லாம் பின் டயர் வாரியடித்த தண்ணீர்.

முதலில், எப்போது? கோவை, திருப்பூர், பல்லடம் பக்கம் ஆனி, ஆடியில் காற்றுதான் அதிகம். சாரல் விழுந்தாலும் சாலை சீக்கிரம் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெரிய மழை, ஆகவே புரட்டாசி முடிவதற்குள் மாட்டிவிடுங்கள். பொள்ளாச்சி, ஆனைமலைக்காரர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகக் கிடைக்கும் என்பதால் வைகாசியிலேயே வேலையை முடிப்பது நல்லது. மாட்டிய பிறகு கோடையில் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சித்திரையிலும் மழை சொல்லாமல் வரும்.

வாங்கும் முன், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியிலும் பின் சக்கர அச்சுக்கு அருகிலும் திருகு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுநீள பிளாஸ்டிக் மட்கார்டுதான் என் தேர்வு. சீட்டுக் கம்பியில் கவ்வும் குட்டை வகை முதுகை மட்டும் காக்கும். செயினையும் செருப்பையும் கைவிட்டுவிடும். அகலம் டயரைவிட 10 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்: 35 டயருக்கு 45.

4 மி.மீ. அலன் கீ, 8 மி.மீ. ஸ்பேனர், வாஷர்கள் போதும். எல்லா போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி வந்த பிறகே முறுக்குங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த கட்டத்தில். சக்கரத்தைச் சுற்றினால் ‘சர்க்... சர்க்...’ என்று உரசியது. மூன்று நாள் மாலையும் தாங்கு கம்பியை (மட்கார்டைச் சக்கரத்துக்கு மேல் தாங்கிப் பிடிக்கும் கம்பி) வளைத்தேன், நிமிர்த்தினேன், மறுபடி வளைத்தேன். கடைசியில் சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மட்கார்டைத் தொடவே இல்லை. பிரேக் கட்டையருகே கட்டை விரலை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, “ஏனுங்க தம்பி, சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதுங்க. கம்பியை எதற்கு வளைத்தீர்கள்?” என்றார். ஒரு சுற்றுக்கு ஒரு முறை உரசினால் சக்கரக் கோட்டம், அதாவது சக்கரம் ஓரிடத்தில் வளைந்திருக்கிறது. விடாமல் உரசினால் மட்கார்டு சாய்ந்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்த மூன்று மாலைகள் மிச்சமாகியிருக்கும். கோட்டம் எடுத்த பிறகு வளைத்த கம்பிகளை நேராக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

ஓட்டிப் பார்க்கும் முன் பெடலை முன்னால் நிறுத்தி ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். கால்விரல் முன் மட்கார்டில் இடித்தால், மெதுவாகத் திரும்பும்போது கவனம் தேவை.

பின்சேர்க்கை: டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் சிலர், தாங்கு கம்பி பிரேக்கில் முட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள். நீளமான போல்ட்டு வாங்கி, நடுவில் சிறு புஷ் (போல்ட்டு நுழையும் குட்டைக் குழாய்) கொடுத்துக் கம்பியை வெளியே தள்ளுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: உடுமலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கரிசல் இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதை) வழியாகப் போகிறவர். மண் அப்பி, மட்கார்டுக்குள் இறுகிச் சக்கரமே நின்றுவிட்டதாம். நான் சொன்ன 10 மி.மீ. தார்ச்சாலைக் கணக்கு, அவருக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். அப்படியே மாற்றிக்கொண்டார், ஆனாலும் கேரியரில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வைத்திருக்கிறாராம், மண்ணைக் குத்தித் தள்ள.