பாலஸ்தீனத்தை ஆய்வுக்கு எடுக்கிறீர்களா? பினாங்கிலிருந்தே தொடங்கலாம்

பினாங்கில் டிகிரி, மாஸ்டர்ஸ் படிக்கிற நம் பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பாலஸ்தீனத்தைப் பற்றி உருப்படியாக ஆய்வு செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது? காஸாவிலிருந்து வரும் படங்களைப் பார்த்து மனம் கொதித்துத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். அது தப்பே இல்லை, அந்தக் கொதிப்பு இல்லாமல் இந்த வேலையில் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவும் முடியாது. ஆனால் தீசிஸ் என்று உட்கார்ந்துவிட்டால் கொதிப்பு மட்டும் போதாது. ஆவணம் வேண்டும், அந்த ஆவணத்தை யார் எதற்காக எழுதினார்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். "பாலஸ்தீனப் பிரச்சினை" என்பது தலைப்பே இல்லை, நூறு தலைப்புகளுக்கான பொதுப்பெயர். ஒரு இடம், ஒரு காலம், ஒரு வகை ஆவணம் என்று மூன்றையும் சொல்ல முடிந்தால்தான் அது ஆய்வுத் தலைப்பு. 1858 உதுமானிய நிலச் சட்டத்துக்குப் பிறகு நாப்லுஸ் பக்கத்து விவசாயியின் நிலம் யார் பெயரில் பதிவானது. 1936 பொது வேலைநிறுத்தத்தின்போது யாஃபா துறைமுகத்தில் என்ன நடந்தது. இஸ்ரேலுக்குள்ளேயே குடிமக்களாகிப்போன அரபு மக்கள் 1966 வரை இராணுவ ஆட்சியின் கீழ் அனுமதிச் சீட்டு வாங்கி எப்படி வேலைக்குப் போய்வந்தார்கள். இப்படி ஒன்று எடுத்தால் வேலை நடக்கும். சூப்பர்வைசரும் ஒத்துக்கொள்வார்.

தலைப்பு கிடைக்காமல் திண்டாடுபவர்களுக்கு நான் காட்டுகிற வாசல் ஒன்று உண்டு, அது நம் ஊரிலேயே இருக்கிறது. குர்னி டிரைவுக்கு லக்சா சாப்பிடப் போகிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் சர் ஹென்றி குர்னி. 1948 அக்டோபரில் மலாயாவுக்கு ஹை கமிஷனராக வந்தார், 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார், மறு ஆண்டு அந்தக் கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர் வந்தது. இது வரை பலருக்குத் தெரியும். மலாயாவுக்கு வருவதற்கு முன் அவர் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தலைமைச் செயலாளர். 1948 மார்ச்சிலிருந்து மே வரை, அதாவது ஜெருசலேமில் பிரிட்டிஷ் ஆட்சி மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், அவர் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஆண்டனிஸ் கல்லூரியின் மத்திய கிழக்கு ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள், அச்சிலும் வந்துவிட்டது.

அவர் தனியாகவும் வரவில்லை. பாலஸ்தீனப் போலீசின் தலைவராக இருந்த நிக்கல் கிரே அதே 1948-ல் மலாயாப் போலீசின் கமிஷனர் ஆனார். அவரோடு பாலஸ்தீனப் போலீஸ் சார்ஜண்டுகள் நூற்றுக்கணக்கில் இங்கே வந்து, தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலத்தில் லயங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்ததையும், அடையாள அட்டை இல்லாமல் வெளியே போக முடியாததையும் நம் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். அந்த முறைகளில் எவை அங்கே பழகிப் பார்த்து இங்கே வந்தவை, எவை இங்கேயே உருவானவை? இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் வைத்து ஒப்பிட்டால்தான் பதில் கிடைக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாலஸ்தீனக் கடிதப் போக்குவரத்து சி.ஓ. 733 என்ற வரிசையில் இருக்கிறது. மலாயாப் பக்கத்துக்கு கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் (பழைய ஜாலான் டூத்தா) நம் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்கிப் நெகாரா இருக்கிறது. தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த ஒரு தமிழ் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு இடத்திலும் ஒரே அதிகாரிகள் இருந்தார்கள் என்பதால் இரண்டு மக்களுக்கும் நடந்தது ஒன்றுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். வரலாறு எடுப்பவர்கள் முதலில் திறக்க வேண்டியது 1945 கிராமப் புள்ளிவிவரப் பட்டியல். ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை பேர், எவ்வளவு நிலம், யாரிடம், என்ன பயிர் என்று பிரிட்டிஷ் அரசாங்கமே தொகுத்தது, இணையத்தில் கிடைக்கிறது. அதோடு 1940-களின் பிரிட்டிஷ் நில அளவை வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்டும் 'பாலஸ்டைன் ஓப்பன் மேப்ஸ்' தளத்தையும் பக்கத்திலேயே திறந்து வையுங்கள். பட்டியலைப் படிக்கும்போது இரண்டு விஷயம். நிலம் துனத்தில் இருக்கும்; மெட்ரிக் துனம் என்றால் 1,000 சதுர மீட்டர், ஏறக்குறைய நாலு துனம் ஒரு ஏக்கர். உதுமானியர் காலத்துத் துனம் இதைவிடச் சிறியது, பழைய பத்திரத்தையும் புதிய பட்டியலையும் கலந்து கூட்டினால் கணக்கு உதைக்கும். அப்புறம், பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ்காரர்கள் எடுத்த கடைசி முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1931-ல் நடந்தது. 1945-ல் உள்ள எண்கள் மதிப்பீடுகள். மதிப்பீடு என்று அடிக்குறிப்பில் எழுத மறக்காதீர்கள்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் சறுக்குவது இங்கேதான். ஜெருசலேமுக்கு மேற்கே இருந்த தைர் யாசீன் கிராமத்தை எடுங்கள். 1945 பட்டியலில் 610 பேர். 1948 ஏப்ரல் 9 அன்று யூத ஆயுதக் குழுக்களான இர்குன், லெஹி படையினர் அங்கே புகுந்து மக்களைக் கொன்றார்கள். இறந்தவர்கள் 254 என்று அப்போதே உலகப் பத்திரிகைகளில் வந்தது, பல பத்தாண்டுகள் அந்த எண்ணே எல்லாப் புத்தகங்களிலும் நின்றது. 1987-ல் பிர்ஸெயித் பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன ஆய்வாளர்கள் உயிர் பிழைத்தவர்களைத் தேடிப் போய், குடும்பம் குடும்பமாகப் பெயர் கேட்டு எழுதி, 107 என்று கண்டார்கள். அந்த 254 எங்கிருந்து வந்தது? தாக்கிய தரப்பே சொன்ன எண் அது, அரபு மக்கள் பயந்து ஓட அது உதவியது. அரபுத் தரப்பும் கொடுமையை உலகுக்குச் சொல்ல அதையே ஒலிபரப்பியது. இரு தரப்புக்கும் தேவைப்பட்டதால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 107 என்று எழுதினால் கொடுமை குறைந்துபோகும் என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 254 வெறும் எண், 107-க்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை சரியாக எண்ணுவது.

இதே மாதிரி, 1948 போரில் மக்கள் வெளியேறிக் காலியான கிராமங்கள் எத்தனை என்று தேடினால் பாலஸ்தீன வரலாற்றாளர் வாலித் காலிதி தலைமையில் தொகுத்தவர்கள் 418 என்பார்கள், இஸ்ரேலிய வரலாற்றாளர் பென்னி மோரிஸ் 369 என்பார், பாலஸ்தீன ஆய்வாளர் சல்மான் அபு சித்தா 531 என்பார். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். எதைக் கிராமம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். அபு சித்தா பீர்ஷெபா பகுதியின் பெதூயின் குடிகளையும் சேர்த்தார். உங்கள் தீசிஸில் எந்த எண்ணைப் போட்டாலும், எந்த வரையறையில் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த நான்கு வரைபடங்களும் இப்படித்தான். பாலஸ்தீனம் வருஷா வருஷம் சுருங்குவதைக் காட்டும் படங்கள், எல்லோரும் பார்த்திருப்போம். நிலம் பறிபோனது உண்மை. ஆனால் ஆய்வில் அதை அப்படியே ஒட்டினால் பரிசோதகர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார், ஏனென்றால் நான்கும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. முதல் படம் யூதர்கள் விலைக்கு வாங்கிய நிலத்தைக் காட்டுகிறது, அது 1947-ல் மொத்தத்தில் 6 அல்லது 7 சதவீதம். இரண்டாவது 1947 நவம்பர் 29 ஐ.நா. தீர்மானம் 181-ன் திட்டம். யூத நாட்டுக்கு ஏறக்குறைய 55 சதவீதம் என்று காகிதத்தில் போட்டது. மூன்றாவது 1949 போர்நிறுத்தக் கோடு, இஸ்ரேல் கையில் சுமார் 78 சதவீதம். நான்காவது, இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1990-களில் செய்த ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிந்தைய நிர்வாகப் பிரிவு. உடைமை, திட்டம், படைபலம், நிர்வாகம். இந்த நான்கையும் தனித்தனியாக விளக்கி எழுதுங்கள், அந்தப் படங்களைவிட உங்கள் பக்கங்கள் ஆழமாகப் பேசும்.

இஸ்ரேலிய ஆவணங்களைத் தொடலாமா என்று கேட்கிறார்கள். தொட வேண்டும். 1948-ல் மக்கள் எப்படி வெளியேற்றப்பட்டார்கள் என்பதை 1980-களின் இறுதியில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சிலரே தங்கள் நாட்டுக் கோப்புகளை வைத்து எழுதினார்கள். பிறகு அந்தக் கோப்புகளில் சில மறுபடியும் பூட்டி வைக்கப்பட்டன. 1911-ல் யாஃபாவில் தொடங்கிய 'ஃபலஸ்தீன்' பத்திரிகையின் பழைய இதழ்களைக்கூட இஸ்ரேல் தேசிய நூலகத்தின் தளத்தில்தான் எளிதாகப் புரட்ட முடிகிறது. பாலஸ்தீனர் தரப்பில் பெய்ரூட்டின் பாலஸ்தீன ஆய்வு நிறுவனம் 1963-லிருந்து இருக்கிறது, 1971 முதல் அதன் ஆய்விதழ் வருகிறது, அதை உங்கள் பல்கலைக்கழக நூலகக் கணக்கில் தேடுங்கள். அவர்களின் ஜெருசலேம் காலாண்டிதழ் இலவசம். ஐ.நா.வின் பாலஸ்தீன ஆவணத் தொகுப்பும் இலவசம். அகதிகள் திரும்பும் உரிமை பற்றி எழுதுகிறவர்கள் தயவுசெய்து 1948 டிசம்பர் 11 தீர்மானம் 194-ன் 11-வது பத்தியை நீங்களே படியுங்கள், அதைப் பற்றி மற்றவர் எழுதியதை அல்ல.

அரசியல் எடுப்பவர்களுக்கு 2006 ஜனவரி பாலஸ்தீன நாடாளுமன்றத் தேர்தல் நல்ல பாடம். ஹமாஸ் 132-ல் 74 இடம் வென்றது, அதனால் மக்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று பலர் எழுதிவிட்டார்கள். கட்சிப் பட்டியல் வாக்கில் ஹமாஸுக்கு 44 சதவீதம், போட்டிக் கட்சியான ஃபதாவுக்கு 41. பட்டியல் இடங்கள் 29-க்கு 28. மாவட்டத் தொகுதிகளில்தான் 45-க்கு 17 என்று வாரிக்கொண்டு போனது, ஃபதாக்காரர்கள் ஒரே தொகுதியில் பலர் நின்று வாக்கைச் சிதறடித்தார்கள். மலேசியர்களுக்கு இது புரியாத கணக்கா? 2013 பொதுத்தேர்தலில் பக்காத்தானுக்கு 50 சதவீதத்துக்கு மேல் வாக்கு, பாரிசானுக்கு 133 இடம். மக்கள் கருத்து இப்போது எப்படி என்று தெரிய ரமல்லாவின் கொள்கை, ஆய்வு மையம் நடத்தும் கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள், ஆனால் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் படித்துவிட்டு, மேற்குக் கரையையும் காஸாவையும் பிரித்துப் பாருங்கள்.

சமூகம் எடுப்பவர்களுக்கு முதல் வேலை 'அகதி' யார் என்று தெளிவது. 1950 மே மாதம் பணி தொடங்கிய ஐ.நா. நிவாரண நிறுவனம் அன்ர்வா, 1946 ஜூன் 1 முதல் 1948 மே 15 வரை பாலஸ்தீனத்தில் குடியிருந்து வீட்டையும் பிழைப்பையும் இழந்தவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் பதிவு செய்கிறது. அதில் சேராத பாலஸ்தீனர்கள் ஏராளம், பதிவு செய்தவர்களில் முகாமில் வாழாதவர்களும் ஏராளம். 58 முகாம்களை மட்டும் பார்த்துவிட்டு ஒரு சமூகத்தை எழுதிவிட முடியாது. வாய்மொழி வரலாறு வேண்டுமென்றால் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் 1,000 மணி நேரத்துக்கு மேல் ஒலிப்பதிவு இருக்கிறது. தைர் யாசீன் மாதிரி விஷயங்களில் பட்டியல் சொல்லாததை இந்தக் குரல்கள்தான் சொல்லும்.

நேரில் போவது நமக்குக் கஷ்டம். நம் பாஸ்போர்ட்டே இஸ்ரேல் தவிர மற்ற நாடுகளுக்குத்தான் செல்லும், மேற்குக் கரைக்குப் போகும் வழிகளோ இஸ்ரேல் கையில். அதனால் அம்மான், பெய்ரூட், இணையம் என்று திட்டம் போடுங்கள். அரபி கட்டாயம். ஜாவி படித்தவர்களுக்கும் மதரஸா போன பினாங்குத் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் எழுத்து ஏற்கெனவே தெரியும், பாதி வேலை முடிந்த மாதிரி. மற்றவர்கள் பகுதி நேர வகுப்பில் சேருங்கள். ஊர்ப்பெயர்கள் ஒவ்வொரு ஆவணத்திலும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் வரும், பல ஊர்களுக்கு இன்று எபிரேயப் பெயர். முதல் நாளிலிருந்தே ஒரு அட்டவணை போட்டு எல்லா வடிவங்களையும் எழுதி வையுங்கள்.

அரபி வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு: சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கிறது. 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு 1936 கிளர்ச்சியையும் 1948-ஐயும் நம் மக்களுக்கு எப்படிச் சொன்னது என்று யாராவது உட்கார்ந்து பார்த்தால், தமிழ் தெரியாத எந்த ஆய்வாளராலும் செய்ய முடியாத வேலை அது.

கோலாலம்பூரில் படிக்கும் பாலஸ்தீன மாணவர்களைப் பேட்டி எடுக்க நினைப்பவர்கள் பொறுமையாகப் போங்கள். 2018 ஏப்ரலில் செத்தாப்பாக்கில் ஒரு பாலஸ்தீன விரிவுரையாளர் அதிகாலைத் தொழுகைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்பின் தெரியாதவர் ரெக்கார்டரோடு வந்து ஊர், குடும்பம் என்று கேட்டால் அவர்கள் தயங்குவது நியாயம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்து மூலமான ஒப்புதல், பெயர் மறைப்பு, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உறுதி, இவை இல்லாமல் பதிவுப் பொத்தானைத் தொடாதீர்கள். ஊரில் இருக்கும் உறவினரை அடையாளம் காட்டும் சின்ன விவரத்தையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கிடைத்ததை அன்றைக்கே டவுன்லோட் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். 1982-ல் பெய்ரூட்டிலிருந்த பாலஸ்தீன ஆராய்ச்சி மையத்தின் நூலகத்தை இஸ்ரேலியப் படை அள்ளிக்கொண்டு போனது. 2023 டிசம்பரில் காஸாவின் பெரிய ஓமரி மசூதி இடிந்தது, 2024 ஜனவரியில் இஸ்ரா பல்கலைக்கழகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஓமரி மசூதி நூலகத்தின் கையெழுத்துச் சுவடிகளை ஏற்கெனவே டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருந்ததால் அவற்றை இன்றும் படிக்க முடிகிறது. கோப்பின் பெயரில் காப்பகம், வரிசை எண், எடுத்த தேதி மூன்றையும் போட்டுச் சேமியுங்கள்.